ரெஃப்ரி யாரு ஆளு

விசில் ஊதினால் மைதானம் முழுக்கக் கேட்கும். வாய் திறந்து பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் பாதிதான் கேட்கும். எதைக் கேட்டாலும் பதில் வரும். கேட்டதற்கான பதிலாக இருக்காது.

"சாருக்கு எந்த ஊரு?"

"கம்பெனிலேருந்து வரேன்."

"அது சரி சார். சொந்த ஊரு?"

"லீவு கிடைச்சா போவேன்."

"எந்தப் பக்கம்?"

"பஸ் போற பக்கம்."

கேட்டவன் சிரிப்பான். அவர் சிரிக்க மாட்டார். குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டுவார். கட்டி முடித்து நிமிரும்போது கேட்டவன் வேறு பக்கம் போயிருப்பான்.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் உபயோகமில்லை. ஊரிலும் இருக்கிற பெயர், காலனியிலும் இருக்கிற பெயர். நாங்கள் ரெஃப்ரி என்றே கூப்பிட்டோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எட்டாவது வரை படித்தேன். காலேஜ் மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது என் வேலை. மேட்ச் அன்றைக்குக் கொடி பிடித்து லைனில் நிற்பேன். காலனிக்காரன். இதைச் சொல்லாவிட்டால் கடைசி வரை அதைத்தான் தேடிக்கொண்டு படிப்பீர்கள்.

எங்கள் காலேஜ் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் கம்பெனிச் சுவர். வயல் வைத்திருந்த ஒரு குடும்பம் நிலம் கொடுத்துத்தான் காலேஜ் வந்தது. மைதானமும் அவர்கள் கொடுத்தது. ஃபுட்பால் டீமுக்கு முதல் ஜெர்சி வாங்கிக் கொடுத்ததும் அவர்கள். ஜெர்சியும் அவர்கள் சாதிச் சங்கத்துக் கொடியும் ஒரே நிறம். என்ன நிறம் என்று சொல்லப்போவதில்லை.

அந்தப் பக்கத்தில் ஃபுட்பால் என்றால் எங்கள் காலேஜ்தான். ஜெயித்த கப்புகளுக்கு அலமாரி பத்தாமல் பிரின்சிபால் ரூமில் தரையில் வைத்திருப்பார்கள். டீமில் இருந்தவனை சிப்காட் கம்பெனிகள் கூப்பிட்டு எடுக்கும். அவர்களுக்கும் டீம் வேண்டும். பர்மனெண்ட் வேலை. எங்கள் பக்கத்தில் வேறு எந்த வழியாகவும் பர்மனெண்ட் வருவதில்லை. அதனால்தான் ஒரு பந்துக்கு அவ்வளவு அடிதடி.

ஒரு பழக்கம் இருந்தது. மேட்ச்சுக்கு முந்தின நாள் ஜெர்சிகளை ஊர் அம்மன் கோயிலில் வைத்துப் பூஜை போடுவார்கள். குங்குமம் வைத்து, கோயிலுக்குள்ளேயே ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். கோயிலுக்குள் போக முடியாதவனுக்கு ஜெர்சி கிடையாது. ஜெர்சி இல்லாதவன் டீமில் கிடையாது. யாரும் யாரையும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

வெளியூர்க் காலனிகளிலிருந்து வந்த பையன்கள் அரசாங்க ஹாஸ்டலில் தங்கிப் படித்தார்கள். ஒரு வருடம், புதிதாக வந்த பி.டி. மாஸ்டர் விவரம் தெரியாமல் ஒரு ஹாஸ்டல் பையனை டீமில் எடுத்துவிட்டார். ஜெர்சி கொடுக்கிற நாள் அவன் கோயில் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே இருந்து எவனோ அவனுடைய ஜெர்சியைச் சுருட்டி மதிலுக்கு மேலே வீசினான். மண்ணில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

மறுநாள் பனியனோடு ஆடினான். கேலரியில் வழக்கம்போல "ஆண்ட பரம்பரைடா" என்று பாட்டு. அவன் கோல் போட்டான். பாட்டு நின்றது. கல் வந்தது. அன்றைக்கு ஹாஸ்டல் ஜன்னல் போனது, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது, பஸ் கண்ணாடி போனது, காலனியில் கூரை எரிந்தது. பி.டி. மாஸ்டர் மூட்டை கட்டினார். அதற்குப் பிறகு பல வருடம் ஹாஸ்டலில் எவனையும் டீமுக்குக் கூப்பிடவில்லை. ஜெர்சியை எடுக்காதது தப்பு என்று ஊரில் சொன்னார்கள். கோல் போட்டது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்த மட்டும் நல்லவர்கள்.

பிறகு ஹாஸ்டல் பக்கத்திலிருந்து மனு மேல் மனு போய், அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசினார்கள். வருடா வருடம் ஹாஸ்டலுக்கும் வீட்டிலிருந்து வருகிற பையன்களுக்கும் ஒரு மேட்ச். அதில் நன்றாக ஆடுகிறவர்கள்தான் காலேஜ் டீம். ஊர்ப் பக்கத்தில் நிலம் கொடுத்த குடும்பத்து ஆள் ஒருவர், காலேஜ் கமிட்டியில் இருப்பவர், எல்லாரும் தலைவர் என்பார்கள், அவர் தலையாட்டினார். காலனிப் பக்கத்தில் எங்கள் அண்ணன் ஒருவர், சங்கம் வைத்திருப்பவர், அவரும் தலையாட்டினார். யார் விசில் ஊதுவது என்பதில் வந்து நின்றது.

எந்தப் பெயரைச் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். யாரு ஆளு? சொன்னதும் ஒரு பக்கம் எழுந்துவிடும். நான் டீ கொடுக்க உள்ளே போனேன், கேட்டேன். சாயங்காலம் வரை இதே பேச்சு.

கடைசியில் யாரோ சொன்னார்கள், கம்பெனி மேட்ச்சுகளுக்கு ஒருத்தர் ஊதுகிறார், கும்மிடிப்பூண்டியில் இரும்பு மில்லில் வேலை என்று.

"அவரு யாரு ஆளு?" என்றார் தலைவர்.

"தெரியல தலைவரே."

"தெரியலன்னா இன்னாயா அர்த்தம்?"

"ரொம்ப நாளா ஊதறாரு. யாருக்கும் தெரியல."

தலைவர் காலனி அண்ணனைப் பார்த்தார். காலனி அண்ணன் தலைவரைப் பார்த்தார். கொஞ்ச நாளில் கண்டுபிடித்துவிடலாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. ஒத்துக்கொண்டார்கள்.

முதல் வருடம் அவர் வந்து ஒரு விஷயம்தான் கேட்டார். ஜெர்சி மூட்டை மைதானத்துக்கு வரவேண்டும்.

"பூஜ போட்டு கோயில்ல குடுக்கறது எங்க பழக்கம் சார்," என்றார் தலைவர்.

"பூஜை போடுங்க. குடுக்கறது இங்க."

"அது இன்னாத்துக்கு?"

"ஆடறவன் என்னென்ன போட்டிருக்கான்னு நான் பாக்கணும். மோதிரம், ஷூ ஆணி, கயிறு."

கயிறு என்றால், பையன்கள் கையில் கட்டியிருப்பது. ஊர்ப் பையன் ஒரு நிறம், காலனிப் பையன் ஒரு நிறம். அவர் வரிசையாக நிற்க வைத்து, ஒருத்தன் கையையும் விடாமல் பார்த்து, அவிழ்க்கச் சொன்னார். அவிழாததைக் கத்தரியால் வெட்டினார். சாதிக் கயிறு என்று சொல்லவில்லை. "மாட்டினா விரல் போயிடும்," என்றார்.

இரண்டு மூட்டை ஜெர்சி. ஒன்று காலேஜ் நிறம், ஒன்று வெள்ளை. யாருக்கு எது என்று டாஸ் போட்டார். ஹாஸ்டல் ஜெயித்தது. நிலம் கொடுத்தவர்களின் கொடி நிறத்தில் ஹாஸ்டல் பையன்கள் இறங்கினார்கள். கேலரியில் கொடி ஆட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் யாருக்கு ஆட்டுகிறோம் என்று குழப்பம். ஒரு கிழவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பேஜாராப் போச்சிடா நைனா," என்றார். நான் லைனில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரித்தால் என்னைத்தான் அடிப்பார்கள்.

ரெஃப்ரி முகத்தில் ஒன்றுமில்லை. மணி பார்த்தார். விசில் ஊதினார்.

அதிலிருந்து மேட்ச் ஒழுங்காக நடந்தது. ஹாஸ்டல் பையன்கள் டீமில் வந்தார்கள். இரண்டு மூன்று பேர் கம்பெனிகளில் உள்ளே போனார்கள். ஆனால் ஊரில் யாரும் நிம்மதியாக இல்லை. அவர் ஊர் ஆளுக்குச் சாதகமாக ஃபவுல் கொடுத்தால், காலனியில், "அவங்காளுதான், தெரிஞ்சிட்ச்சி," என்பார்கள். ஹாஸ்டலுக்குக் கொடுத்தால் ஊரில் அதே பேச்சு. ஒரே மேட்ச்சில் அவர் நாலைந்து தடவை சாதி மாறுவார்.

காலேஜ் எதிரில் டீக்கடை, பழவேற்காட்டு பாய் ஒருவருடையது. பாய் இரண்டு பக்கமும் இல்லை, அவர் கேட்டால் சொல்லுவார் என்று பாயைத் தூண்டிவிட்டார்கள். பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க இன்னா ஆளுங்க?"

"சர்க்கரை கம்மி."

"அது தெரியும் சார். குலதெய்வம் எது?"

"பெரியபாளையத்தம்மா."

கடையில் இருந்த அத்தனை பேரும் தொடையில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரியபாளையத்தம்மாவுக்கு வேப்பஞ்சேலை கட்டாத சாதி கிடையாது. பாய் என்னிடம் வந்து, "இனிமே என்னய வுடு பா. மனுசன் டீ குடிக்கறாரு, டப்பு குடுக்கறாரு. எனக்கு அது போதும்," என்றார்.

ரெஃப்ரி மாதம் ஒரு தடவை எங்கோ பஸ் ஏறிப் போவார். தலைவர் ஒரு பையனைப் பின்னால் அனுப்பினார். பெரியபாளையம் வரை அவன் அவருக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்துகொண்டு போயிருக்கிறான். அவர் இறங்கியதும் அவனும் இறங்கினான். அவர் திரும்பி நேராக அவனிடம் வந்தார்.

"நாஷ்டா ஆச்சா?"

அவன் ஆகவில்லை என்று சொல்லிவிட்டான். கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். வடையும் சொன்னார். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "உனக்குத் திரும்பிப் போற பஸ் அந்தப் பக்கம் நிக்கும்," என்று கையைக் காட்டினார். அவனும் போய் ஏறிவிட்டான். தலைவர் கேட்டதற்கு, "இட்லி நல்லா இருந்திச்சி தலைவரே," என்றானாம்.

அவர் குடியிருந்தது சிப்காட்டுக்குப் பின்னால், வரிசையாக ரூம் கட்டி விட்டிருக்கும் லைன் வீட்டில். பக்கத்து ரூம்களில் எல்லாம் ஒரிசாப் பையன்கள், பீகார்ப் பையன்கள். மில்லில் இத்தனை வருடம் வேலை பார்க்கிறவர் நல்ல வீடாகப் பார்க்கலாமே என்று நான் ஒரு நாள் கேட்டேன். ஊருக்குள் வீடு கேட்டால் முதலில் கேட்பது அதைத்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"இங்க இருக்கறவங்களுக்கு அதைக் கேக்கத் தெரியாது," என்றார்.

அவரிடம் கேட்டதற்கு நேர்ப் பதில் வந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் முதல் தடவை.

மேட்ச் முடிந்தால் வண்டியில் பின்னால் உட்கார வைத்து என்னைக் காலனி முனையில் இறக்கிவிடுவார். எனக்கும் உள்ளுக்குள் அரிப்பு உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். இறங்கும்போது ஒரு தடவை கேட்டேன்.

"என்கிட்ட மட்டுமாவது சொல்லலாம் சார். நான் யார்கிட்ட சொல்லப்போறேன்."

"நீ சொல்லமாட்ட."

"அப்புறம் இன்னா சார்?"

"தெரிஞ்சா கொடிய வேற மாதிரி தூக்குவ."

எனக்குக் கோபம் வந்தது. தூக்கமாட்டேன் என்று சொல்ல வந்தேன். அவர் வண்டியை எடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்து யோசித்தேன். தூக்குவேன் என்றுதான் தோன்றியது.

காலனி அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்வையோடு லைன் வீட்டுக்கே போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரெஃப்ரி லுங்கியோடு உட்கார்ந்து ஒரிசாப் பையன்களோடு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், எங்களுக்குத் தெரியும். நீங்க நம்மாளுதான்," என்றார் அண்ணன். "ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்க மேல ஒருத்தன் கைய வெச்சான்னா, காலனியே ரோட்ல நிக்கும்."

"வெங்காயம் நறுக்கத் தெரியுமா?" என்றார் அவர்.

அண்ணன் சால்வையை மறுபடி கவருக்குள் திணித்தார். திரும்பும்போது வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். "இன்னா மனுசன்யா இவன். சொந்தம்னு வந்தா கூட ஊட்டுக்குள்ள கூப்புட மாட்றான்." சால்வையை வேறு யாருக்கோ போட்டார்.

அவரைத் திட்டியவர்களை விட, உரிமை கொண்டாட வந்தவர்களிடம்தான் அவர் அதிகம் ஒதுங்கினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பிடிவாதம் ஒரு மனுசனுக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறேன்.

கடைசி மேட்ச்சைச் சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஹாஸ்டலில் ஒரு பையன் இருந்தான், ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், கடைசி வருடம் படிக்கிறவன். அவனுக்கு அன்றைக்கு டீமில் இடம் கிடைத்தால் ஒரு கம்பெனி எடுக்கத் தயாராக இருந்தது. கம்பெனி ஆளே கேலரியில் உட்கார்ந்திருந்தான். பையன் பந்தை என் பக்கத்து ஓரமாகவே கொண்டுவந்தான். ஒருத்தனைத் தாண்டினான். கட்டத்துக்குள் நுழைந்தான். எதிராளி காலை நீட்டினான். பையன் விழுந்தான்.

விசில். பெனால்டி.

கேலரி மொத்தமும் உள்ளே இறங்கிவிட்டது. நான் போட்ட கோடு காலில் அழிந்தது. அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள். செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "யாரு ஆளுடா நீ, சொல்டா!" அவர் பந்தை எடுத்துப் பெனால்டிப் புள்ளியில் வைத்து, அதற்குப் பக்கத்தில் நின்றார். ஊர்ப் பக்கத்து கோல்கீப்பர், சின்னப் பையன், இரண்டு கம்பத்துக்கும் நடுவில் அப்படியே நின்றான். நகர்ந்தால் கோல் போய்விடும் என்று பயம்.

தலைவர் மைக்கோடு வந்தார். கூட்டத்தை அமர்த்தினார். அந்த மட்டும் அவருக்கு மரியாதை இருந்தது.

"சார், நாங்க இத்தினி வருசமா உங்கள ஒண்ணும் கேக்கல," என்றார். கேட்காத நாள் இல்லை. "இன்னிக்கி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க எங்காளுன்னு இந்த மைக்ல சொல்லிடுங்க. பெனால்டிய ஒத்துக்கறோம். நம்மாளு குடுத்தது தப்பா இருக்காதுன்னு எங்க பசங்கள நான் உக்கார வைக்கறேன். அடிக்கட்டும். சொல்லலன்னா, நீங்க அவங்காளு. பெனால்டி கெடையாது. மேட்ச்சும் கெடையாது."

நியாயமாகத்தான் பேசினார், அவர் கணக்கில்.

காலனி அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். ரெஃப்ரி காதருகே குனிந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சார், அவங்காளுன்னே சொல்லிடுங்க சார். நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம். புள்ளைங்க பொழப்பு சார்."

அந்தப் பையன் முழங்காலில் ரத்தத்தோடு வந்தான். "சார், வாய் வார்த்த தானே சார். உங்க காலுல வுழறேன். சொல்லிடுங்க சார்."

ஊரும் காலனியும் ஒரே வார்த்தையைக் கேட்டு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் மனசுக்குள் சொல்லுங்க சார் என்றுதான் சொன்னேன். ஒரு பொய். அதுவும் பொய்தானா என்று எங்களுக்குத் தெரியாது. நிஜமாகவே அவர் அவங்க ஆளாக இருந்தால் அது பொய்யும் கிடையாது.

அவர் மைக்கை வாங்கினார். கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"பெனால்டி," என்றார்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. அடிக்கவும் யாரும் வரவில்லை. அடித்திருந்தால் கூட முடிந்திருக்கும். மைதானத்தை விட்டு யாரும் வெளியே போகவும் இல்லை. பந்துக்கும் கோலுக்கும் நடுவில் ஊரே நின்றது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, "முடிச்சிக்குங்க சார்," என்றார். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை அவர் நின்றார். பிறகு விசில் ஊதினார். மேட்ச் ரத்து. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து ஒரு செருப்பு வந்து முதுகில் விழுந்தது. எந்தப் பக்கத்துச் செருப்பு என்று நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கோபமாகத்தான் இருந்தார்கள்.

மேட்ச் இல்லை என்றால் தேர்வு இல்லை. அந்த வருடம் கமிட்டியே உட்கார்ந்து டீம் எடுத்தது. ஹாஸ்டலில் ஒருத்தன் இல்லை. கம்பெனி ஆள் வேறு பையனை எடுத்துக்கொண்டு போனான். ஆர்.கே.பேட்டைப் பையன் படிப்பு முடிந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்ட்ராக்டில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலைக்குப் போனான். ஒரு நாள் பாய் கடையில் பார்த்தேன். கையெல்லாம் காய்த்திருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னிக்கி பர்மனெண்ட் அண்ணே," என்றான். "அந்தாளு ரோசத்துக்கு நான் கம்பி இழுத்துக்கினு கெடக்கறேன்."

அதை ரெஃப்ரியிடம் சொன்னேன். சொல்லவேண்டும் என்று தோன்றியது. அவர் வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

"சொல்லியிருந்தா அது பெனால்டி இல்ல," என்றார். "அவங்க பாத்துக் குடுத்தது."

மறுபடியும் துவைக்க ஆரம்பித்தார். நல்ல பதில்தான். பையனிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"குடுத்தா வாங்கிக்கினு போயிருப்பேனே அண்ணே," என்றான்.

அதுவும் நல்ல பதில்தான். எது சரி என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

அவரை மறுபடி கூப்பிடவில்லை. மறு வருடம் பேச்சுவார்த்தையில் புது ஏற்பாடு செய்தார்கள். இரண்டு ரெஃப்ரி. முதல் பாதிக்கு ஊர் ஆள், இரண்டாம் பாதிக்குக் காலனி ஆள். முதல் பாதியில் ஃபவுலெல்லாம் ஒரு பக்கம் விழும். இரண்டாம் பாதியில் இன்னொரு பக்கம் விழும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எல்லாம் தெரிந்ததுதானே. சண்டை கிடையாது. டீமிலும் ஆளுக்குப் பாதி. அதிகாரிகள் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் லைனில் நிற்கிறேன். முதல் பாதியில் என் கொடியை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாம் பாதியில் நான் தூக்குவதற்கு முன்னாலேயே விசில் வந்துவிடுகிறது. டீமுக்கு இப்போது கப்பு வருவதில்லை. கம்பெனிகளும் வருவதைக் குறைத்துவிட்டன.

போன மழைக்காலத்தில் அவர் மில்லில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் இல்லை. கம்பெனிக்காரர்கள் வண்டி வைத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், ஆர்.கே.பேட்டைப் பக்கம் என்று ஒரிசாப் பையன் ஒருத்தன் போன் பண்ணினான். அழுதான். அவன் பேசியது பாதி புரியவில்லை.

விஷயம் பரவ நேரம் ஆகவில்லை. தலைவர் வீட்டிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. காலனியிலிருந்து ஒரு வேன். இரண்டிலும் மாலை இருந்தது. காலனி அண்ணன் என்னைக் கூப்பிட மைதானத்துக்கே வந்தார்.

"ஏறு பா. இன்னிக்கி தெரிஞ்சிடும்."

"இன்னா தெரிஞ்சிடும்?"

"இன்னா இப்டி கேக்கற? எந்தச் சுடுகாட்டுக்குத் தூக்கறாங்கன்னு பாத்தா முடிஞ்சிது. அந்த ஊர்லயும் ரெண்டு இருக்குமில்ல."

எனக்கு ரெஃப்ரி முகத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று இருந்தது. வேனில் கை வைத்தேன். உள்ளே சீட்டில் இருந்தவர்கள் ஏற்கெனவே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்துவிட்டேன். வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போன ஆர்.கே.பேட்டைப் பையன் வந்தான். அவனும் போயிருக்கிறான். அவன் கிராமத்துக்குப் பக்கம்தானாம். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேராக வந்திருந்தான். மைதானத்துக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, மெதுவாக நடந்து என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே. தெரிஞ்சிட்ச்சி."

"சொல்லாத."

"இல்லண்ணே, அவரு வந்து..."

"சொல்லாதடா."

அவன் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அப்ப அந்த பெனால்டி நெஜமா குடுத்தாரா, இல்ல ஆள் பாத்து குடுத்தாரான்னு எனக்குத் தெரிய வாணாமா அண்ணே?"

"நான் லைன்ல நின்னுக்கினு இருந்தேன்," என்றேன். "அவன் பந்தத் தொடல. உன் கால்லதான் போட்டான்."